பி0420 வந்துவிட்டால் கேட்டலிட்டிக்கை மாற்றியே ஆக வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான் நடந்திருக்கிறது. கோலாலம்பூர் செராஸில் ஒரு வியாபாரியிடம் பத்து வயதான 1.5 லிட்டர் பெட்ரோல் காடி ஒன்றை வாங்கினீர்கள். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. தீபாவளிக்கு ஈப்போ போய்த் திரும்பிய மறுநாள் எஞ்சின் விளக்கு எரிந்தது, ஸ்கேன் செய்தால் பி0420 என்ற கோளாறுக் குறியீடு. ஒரு பட்டறையில், எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, 2,800 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். இன்னொரு இடத்தில் உள்ளே இருப்பதைக் குத்தி எடுத்துவிடலாம், 250 வெள்ளி போதும் என்றார்கள். மூன்றாமவர் பெட்ரோலில் ஒரு பாட்டில் மருந்து ஊற்றினால் சரியாகும் என்றார். இந்த மூவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். 2,800 வெள்ளியை எடுத்து நீட்டுவதற்கு முன்னால், அந்தச் சாமான் நிஜமாகவே செத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா என்பதுதான் உங்கள் மனதில் உள்ள கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். வழி உண்டு, பெரிய செலவும் இல்லை.

செந்தூலில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, அப்புறம் பட்டர்வொர்த்தில் சொந்தப் பட்டறை வைத்து, இந்தத் தொழிலில் 26 வருடம் ஓட்டியவன் நான். அந்தப் பழக்கத்தில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடினால், பி0420 என்றால் சென்சார்தான் காரணம், கேட்டலிட்டிக் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஆறுதல் சொல்கிற ஆட்கள் நிறையக் கிடைப்பார்கள். என் கைக்கு வந்த வயதான காடிகளில் கேட்டலிட்டிக் நிஜமாகவே பலமிழந்து போனவைதான் அதிகம். ஆனால் அது தானாகச் சாவது குறைவு. பெரும்பாலும் எஞ்சினில் இருக்கும் வேறொரு கோளாறு அதைக் கொன்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

இந்தக் குறியீடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கேட்டலிட்டிக்குள் தேன்கூடு மாதிரி துளைகள் உள்ள பீங்கான் கட்டி ஒன்று இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். கூடவே ஆக்சிஜனைப் பிடித்து வைத்துத் தேவைப்படும்போது விடுகிற சீரியம் ஆக்சைடும் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னால் இருப்பது எஞ்சினிலிருந்து வரும் புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து பெட்ரோல் அளவைத் திருத்த உதவுகிறது. பின்னால் இருப்பது கேட்டலிட்டிக்கைக் கண்காணிக்கிறது. புகையில் ஆக்சிஜன் கூடிக் குறைந்து அலைவதை நல்ல கேட்டலிட்டிக் விழுங்கிவிடும், பின் சென்சாரின் அளவு அமைதியாக நிற்கும். அந்தச் சேமிப்புத் திறன் குறைந்தால் முன்னால் உள்ள ஆட்டம் பின்னாலும் தெரிய ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, வரம்புக்குக் கீழே திறன் போய்விட்டது என்று முடிவு செய்தால் பி0420. ஆக அது நேரடியாகப் புகையின் நஞ்சை அளப்பதில்லை, இரண்டு சென்சார்களை வைத்து ஊகிக்கிறது. ஊகம் தப்பாகவும் வாய்ப்புண்டு என்பதால்தான் கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம். வி6 மாதிரி இரண்டு வரிசை எஞ்சினில் மறுபக்கத்துக்கு பி0430 என்று வரும். உங்களுடையது நாலு சிலிண்டர், அந்தக் குழப்பம் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஏன் வந்தது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. இந்தச் சோதனையைக் கம்ப்யூட்டர் எப்போதும் செய்துகொண்டிருக்காது. எஞ்சின் நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். செராஸிலிருந்து புடு வரைக்கும் நெரிசலில் ஊர்ந்து போய் வருகிற காடிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ வரை போனீர்கள், சோதனை முடிந்தது, திறன் குறைவு என்று தெரிந்தது. பெரும்பாலான காடிகளில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தோல்வி கண்டால்தான் விளக்கு எரியும். போன ஓட்டம் ஒன்று, வந்த ஓட்டம் ஒன்று, கணக்கு பொருந்துகிறது. விற்பதற்கு முன் யாராவது குறியீட்டை அழித்துவிட்டுக் கொடுத்தார்களா? கொடுத்திருக்கலாம். ஆனால் உங்கள் முதல் பட்டறைக்காரர் விளக்கை அணைத்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள், ஒரு வாரத்தில் மறுபடி எரிந்ததாகவும். அவர் அழித்தபோது, கடைசியாக எப்போது அழிக்கப்பட்டது, அதற்குப் பின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற பழைய பதிவும் சேர்ந்து அழிந்துவிட்டது. வியாபாரிமேல் சந்தேகப்படலாம், இனி அதை வைத்து நிரூபிக்க முடியாது. இனிமேல் பழைய காடி வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்: ஸ்கேனரைச் செருகி, குறியீடு இல்லை என்று பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். கேட்டலிஸ்ட் சோதனை முடிந்ததா முடியவில்லையா என்று காட்டும் பக்கத்தைத் திறங்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காடியில் எல்லாச் சோதனைகளும் முடியவில்லை என்று இருந்தால், பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும், அல்லது யாரோ நேற்றுதான் எல்லாவற்றையும் துடைத்திருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான புஸ்பாக்கோம் பி5 சோதனையில் தேறிவிட்டதே என்று நம்பி இருக்காதீர்கள், கேட்டலிட்டிக்கின் ஆயுள் அந்தத் தாளில் வராது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கைப்பேசியோடு புளூடூத்தில் சேரும் சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகினால் போதும். இனி யாரையும் குறியீட்டை அழிக்க விடாதீர்கள். விளக்கு எரிந்த அந்த நொடியில் வேகம், எஞ்சின் சுற்று, தண்ணீர்ச் சூடு, பெட்ரோல் திருத்தம் என்னவாக இருந்தன என்பதைக் கம்ப்யூட்டர் புகைப்படம் மாதிரி பிடித்து வைத்திருக்கும், அதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே வேறு குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். பி0300 முதல் பி0304 வரை ஏதாவது இருந்தால் கேட்டலிட்டிக் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு மிஸ்ஃபயரை, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதைப் பாருங்கள். முன் சென்சார் பற்றியோ கலவை பற்றியோ குறியீடு இருந்தாலும் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். பி0420 எப்போதும் வரிசையில் கடைசி ஆள்.

அடுத்தது புகைக் கசிவு. கேட்டலிட்டிக்குக்கு முன்னாலோ, பின் சென்சாருக்குப் பக்கத்திலோ சின்ன வெடிப்பு இருந்தால், புகை வெளியே போவது மட்டுமில்லை, அழுத்தம் ஏறி இறங்கும்போது வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். சென்சாருக்கு ஆக்சிஜன் அதிகமாகத் தெரியும், கணக்கு முழுக்கத் தடுமாறும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து காது கொடுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடேறியதும் குறைந்தால், எஞ்சினும் புகைக் குழாயும் சேரும் இடத்தில் உள்ள மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். காடியைத் தூக்கிப் பார்க்கும்போது வளையும் குழாயிலும் இணைப்புகளிலும் கரி படிந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 40 வெள்ளி கேஸ்கெட்டுக்காக ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. சென்சார் வயர்களையும் பிடித்துப் பாருங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் பக்கம் எத்தனையோ காடிகள் மூழ்கின. தண்ணீரில் நின்ற காடியின் கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்தால், சென்சார் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

கசிவு இல்லை என்றால் ஓடும்போது வரும் எண்களைப் பார்க்கலாம். இருபது நிமிடம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். பிறகு நிறுத்தி, 2,500 சுற்றில் இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டு பின் சென்சாரின் வோல்ட்டைக் கவனியுங்கள். 0.6, 0.7 என்று மெதுவாக நகர்ந்துகொண்டு நின்றால் கேட்டலிட்டிக்குக்கு இன்னும் உயிர் இருக்கிறது. 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஊஞ்சல் மாதிரி விடாமல் ஆடினால் சேமிப்புத் திறன் போய்விட்டது. முன் சென்சார் பழைய வகையாக இருந்தால் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஆனால் டொயோட்டா போன்ற பல காடிகளில் முன்னால் இருப்பது காற்று-பெட்ரோல் விகித சென்சார். அது 3.3 வோல்ட் பக்கத்தில் நிற்கும், இப்படி ஆடாது. அதைப் பார்த்துவிட்டு முன் சென்சார் செத்துவிட்டது என்று மாற்றிவிடுகிற போமென்களை (மெக்கானிக்குகளை) நான் பார்த்திருக்கிறேன். அந்த வகைக்கு வேறு முறை வைத்திருக்கிறேன்: நெடுஞ்சாலையில் காலை எடுத்து வேகம் குறையும்போது பெட்ரோல் நிற்கும், பின் சென்சார் 0.1-க்கு இறங்கும். மறுபடி ஆக்சிலேட்டரை அழுத்தினால், நல்ல கேட்டலிட்டிக் தான் பிடித்து வைத்த ஆக்சிஜனைச் செலவழித்து முடிக்கிற வரைக்கும் சில விநாடி கழித்துத்தான் அது மேலே ஏறும். முன்னதோடு ஒட்டிக்கொண்டு உடனே ஏறினால் உள்ளே சேமிக்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இந்தச் சோதனையைச் செய்யும்போது எண்களைப் பார்க்க இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

பின் சென்சாரை மட்டும் மாற்றிப் பாருங்களேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். வயதான சென்சார் சோம்பலாகிவிடும். சோம்பலான சென்சார் ஆட்டத்தைக் காட்டாது, அமைதியாக நிற்கும். அதாவது கேட்டலிட்டிக் நன்றாக இருப்பதாகத்தான் பொய் சொல்லும். ஆகவே பின் சென்சார் பழசானதால் பி0420 வந்தது என்பது நடக்காது என்று இல்லை, ஆனால் அரிது. சென்சாரை மாற்றியதும் சரியாகிவிட்டது என்று சொல்பவர்களில் பலரும், குறியீட்டை அழித்துவிட்டு அடுத்த சோதனை முடியும்வரை காத்திருக்காதவர்கள்.

இனி, எதனால் செத்தது. நான் பாடம் படித்த இடம் இது. பல வருடம் முன் ஓர் ஆசிரியர் காடிக்குப் புதுக் கேட்டலிட்டிக் போட்டுக் கொடுத்தேன். எட்டு மாதத்தில் அதே குறியீட்டோடு வந்தார். அப்போதுதான் கேட்டேன், எஞ்சின் ஆயில் குறைகிறதா என்று. மாதம் ஒரு லிட்டர் ஊற்றுகிறேன், பழைய காடிதானே என்றார். அந்த ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் எரிந்து போய்ப் பீங்கான் மேல் படிந்து, பூச்சை மூடிவிட்டது. முதல் நாளே கேட்டிருந்தால் அவருக்குப் பணம் மிச்சமாகியிருக்கும். ஆகவே டிப்ஸ்டிக்கை இன்றே பாருங்கள், 1,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி பாருங்கள். ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் வால்வ் சீல் போயிருக்கலாம். சில சமயம் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுகிற பிசிவி வால்வ் அடைத்துக்கொண்டிருக்கும், மலிவான சாமான், மாற்றிப் பார்க்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் காரணம் தெரியாமல் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கூலண்டில் உள்ள இரசாயனங்களும் பூச்சுக்கு நஞ்சு.

மிஸ்ஃபயர் இன்னும் வேகமாகக் கொல்லும். பிளக்குக்கு மின்சாரம் தருகிற இக்னிஷன் காயில் பலவீனமாகி ஒரு சிலிண்டரில் பொறி வராவிட்டால், எரியாத பெட்ரோல் நேரே கேட்டலிட்டிக்குள் போய் அங்கே எரியும். சூடு எல்லை மீறினால் பீங்கான் கட்டியே உருகி அடைத்துக்கொள்ளும். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அதற்காகத்தான், காடியை ஓரமாக நிறுத்த வேண்டும். பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள், நிறம் ஒவ்வொரு சிலிண்டரின் கதையையும் சொல்லிவிடும். ஸ்கேனரில் ஃபியூல் டிரிம் (பெட்ரோல் திருத்தம்) என்று வரும் குறுகிய கால, நீண்ட கால எண்கள் இரண்டையும் கூட்டினால் 10 சதவீதத்துக்குள், கூட்டலோ கழித்தலோ, இருக்க வேண்டும். கழித்தலில் 15, 20 என்று நின்றால் இஞ்செக்டர் ஒழுகுவதோ பெட்ரோல் அழுத்தம் கூடியதோ இருக்கலாம். கூட்டலில் நின்றால் காற்றுக் கசிவு, அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார், பலவீனமான பம்ப். இவற்றைச் சரிசெய்யாமல் எந்தக் கேட்டலிட்டிக்கும் நிலைக்காது.

அடைப்பு என்பது வேறு நோய், வேறு அறிகுறி. திறன் குறைந்த கேட்டலிட்டிக்கோடு காடி நன்றாகவே ஓடும், உங்களுடையது ஓடுவது மாதிரி. அடைத்துக்கொண்டால் மேடு ஏறாது, கெந்திங் சாலையில் மூச்சு முட்டும், ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தச் சத்தம்தான் வரும், இழுப்பு வராது. முன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தமானி பொருத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐ-க்கு மேல் போனால் வழி அடைத்திருக்கிறது. அடியில் கலகலவென்று சத்தம் கேட்டால் கட்டி உடைந்து ஆடுகிறது. இவை இரண்டும் இல்லாதவரை அவசரம் இல்லை, நிதானமாகப் பார்க்கலாம்.

சந்தேகமான விஷயங்களுக்கு வருகிறேன். முன்னும் பின்னும் வெப்பமானியால் அளந்து, பின்பக்கம் சூடு கூடினால் நல்லது, கூடாவிட்டால் செத்தது என்று சிலர் தீர்ப்புச் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அதைச் செய்தேன். இன்றைய எஞ்சின்கள் சுத்தமாக எரிப்பதால் எரிக்க வேண்டியதே கொஞ்சம்தான், நல்ல கேட்டலிட்டிக்கிலும் வித்தியாசம் சொற்பமாக வரும். அதை வைத்து 2,800 வெள்ளி முடிவெடுக்க மாட்டேன். பாட்டில் மருந்து கரிப் படிவைக் கொஞ்சம் குறைக்கக்கூடும், நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்டுவதும் அதே வேலையைச் செய்யும். உருகிய பீங்கானையும் பாஸ்பரஸ் மூடிய பூச்சையும் எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவராது. ஆசைக்கு ஒரு பாட்டில் ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பெட்ரோலில் கந்தகம்தான் காரணம் என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2020 ஜனவரியில் ரோன்95 பெட்ரோல் யூரோ 4எம் தரத்துக்கு மாறியபோது கந்தக வரம்பு 500 பிபிஎம்-லிருந்து 50-க்கு இறங்கிவிட்டது, அந்தக் குற்றச்சாட்டில் இப்போது அவ்வளவு பலமில்லை. சில மாடல்களுக்குத் தயாரிப்பாளரே கம்ப்யூட்டர் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டதுண்டு, ஆகவே உங்கள் சேசிஸ் எண்ணைச் சொல்லி அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குத்தி எடுப்பது பற்றி என் கருத்து கறாரானது: வேண்டாம். விளக்கு அணையாது, ஏனென்றால் பின் சென்சார் இப்போதைவிட மோசமாக ஆடும். அதை மறைக்க சென்சாருக்குக் கீழே ஒரு குட்டி நீட்டிப்பை வைத்துக் கட்டுவார்கள், அல்லது கம்ப்யூட்டரில் அந்தச் சோதனையையே நிறுத்திவிடுவார்கள். பெட்ரோல் எஞ்சின் புகைக்கு 1996-லிருந்தே இங்கே சட்ட விதிமுறை இருக்கிறது. அதைவிட, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெரிசலில் நிற்கும்போது அந்த நாற்றம் உள்ளேதான் வரும். இன்னொன்று, குத்தி எடுத்த சரக்கைக் குப்பையில் போடுவதில்லை. 2021 மார்ச்சில் ரோடியம் ஓர் அவுன்ஸ் 29,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அந்தச் சமயத்தில் அசலைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாயைப் பொருத்திக் கைமாற்றிய காடிகள் என் பட்டறைக்கே வந்தன. உங்களுடையதிலும் அசல்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல காடிகளில் அது எஞ்சினை ஒட்டி வெப்பத் தகட்டுக்குப் பின்னால் இருப்பதால் அடியிலிருந்து தெரியாது. கையால் ஒட்டிய வெல்டிங் தழும்பு, பின் சென்சாருக்கு அடியில் தேவையில்லாத நீட்டிப்பு இரண்டையும் தேடுங்கள். முன் சென்சார் ஓட்டை வழியாகச் சின்ன கேமரா விட்டால் பீங்கான் முகம் தெரியும்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால் மூன்று வழி. அசல் புதியது விலை அதிகம், நீடிக்கும். வெளிச் சந்தையில் வருபவற்றில் உலோகப் பூச்சு குறைவாக இருக்கும், காடி நன்றாக ஓடும், ஆனால் கம்ப்யூட்டரின் வரம்பை எட்டாமல் ஒரு வருடத்துக்குள் விளக்கு திரும்ப எரிவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். எழுத்தில் உத்தரவாதம் தந்தால் மட்டும், அதுவும் பி0420 திரும்ப வந்தால் என்று தெளிவாக எழுதினால் மட்டும் வாங்குங்கள். பழைய காடிகளைப் பாதியாக வெட்டி இறக்கி விற்கும் ஹாஃப்-கட் கடையில் கிடைக்கும் ஜப்பான் சாமான் நல்லதாக இருந்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் அது எந்த எஞ்சின் புகையைக் குடித்தது என்று யாருக்கும் தெரியாது. பத்து வயதுக் காடிக்கு நானாக இருந்தால், ஆயில் குறையாது, மிஸ்ஃபயர் இல்லை என்று உறுதியான பிறகு அசலையே போடுவேன். ஆயில் குடிக்கிற எஞ்சின் என்றால் அந்தப் பணத்தை எஞ்சினுக்கு வைப்பேன்.

காடியைப் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் 2,800 வெள்ளி சொன்னவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். அவர் எந்தச் சோதனையின் பேரில் சொன்னார் என்று கேளுங்கள். குறியீட்டை மட்டும் பார்த்துச் சொன்னார் என்றால் வேறு இடம் போகலாம். வியாபாரி எழுத்தில் ஏதாவது உத்தரவாதம் கொடுத்திருந்தால் முதலில் அவரிடம் போங்கள், எண்களின் படங்களோடு. அவர் மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் வியாபாரி என்றால்தான் அந்த வழி, தனி ஆளிடம் வாங்கியிருந்தால் அங்கே போக முடியாது. சட்டத்தில் என் அறிவு அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று: எந்தப் பட்டறையில் மாற்றினாலும் கழற்றிய பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். செத்துப்போன கேட்டலிட்டிக்கிலும் பெரும்பாலான உலோகம் இருக்கும், அதன் மேல் பொறித்த எண்ணைப் பார்த்துப் பழைய சாமான் வாங்குகிறவர்கள் விலை சொல்வார்கள். இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பில்லில் அந்தத் தொகையைக் கழிக்காமல், பழசை நாங்களே தூக்கிப் போட்டுவிடுகிறோம் என்று பட்டறைக்காரர் அன்பாகச் சொன்னால், வேண்டாம் அண்ணே, நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு காடியின் பின்பெட்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.